குப்புறப் படுத்துக் கேட்ட பக்கம்

இப்போதும் உடம்பு அசந்து போனால் நான் குப்புறத்தான் படுப்பேன். நெற்றிக்குக் கீழே இரண்டு கையையும் மடித்து வைத்து, மூக்கு மெத்தையில் நசுங்காமல் பார்த்துக்கொண்டு படுத்தால் போதும், பதுளை ஆஸ்பத்திரியில் நான் கிடந்த அந்தக் கண் வாட்டு அப்படியே என்னைச் சுற்றி வந்துவிடும். டெட்டோல் வாசம், சக்கரம் தேய்ந்த மருந்து வண்டியின் கிரீச்சிடல், பிளேன்டீ வாளியைத் தரையில் வைக்கிற சத்தம், பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது. என் வாழ்நாளில் நான் எதையுமே பார்க்காத பன்னிரண்டு நாட்கள் அவை. ஆனால் திரும்பக் கிடைத்தால் எதைக் கேட்பாய் என்று யாராவது கேட்டால், வெட்கமில்லாமல் அந்தப் பன்னிரண்டையும்தான் கேட்பேன். என் வீட்டுக்காரர் சேவியர் காதில் இது விழுந்தால், "ஒனக்கு கண்ணு மட்டுமில்ல, மண்டையும் கழண்டிருச்சு" என்பார்.

என் பெயர் பிலோமினா. பதுளை பசாரில் ஒரு மாடிப்படி ஏறினால் என் கடை. நாங்கள் கொமியூனிகேஷன் என்று சொல்லும் கடை: போட்டோ கொப்பி, டைப்பிங், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், கலியாணக் கார்ட். கொஞ்ச வருடங்களாக இணையத்தளமும் செய்து கொடுக்கிறேன். அதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டதுதான். அதனால் அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்.

இடது கண் எனக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டது. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினால், வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை அடுப்புக்குப் பொறுக்கி வருவோம். மிலாறு என்போம். எட்டு வயதில் அந்த மிலாறு பொறுக்கப் போன இடத்தில் ஒரு குச்சி குத்தியது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியும். மற்ற எல்லா வேலையும் வலது கண்ணுடையது. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதுவும் முறைக்காமல் செய்துகொண்டிருந்தது.

முதலில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. கொசு என்று நினைத்து இரண்டு தரம் முகத்தில் நானே அறைந்துகொண்டேன். பிறகு ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னியது. கடையில் யாரோ போட்டோ எடுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்து முறைத்தேன். மூன்றாம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது கீழே பள்ளம் முழுக்க மறைந்திருந்தது. எங்கள் வீடு எல்லவுக்கும் மேலே, ஒரு தோட்டத்து எல்லையில் இருக்கிறது. மூட்டம் எங்களுக்குப் புதுசில்லை.

"இன்னைக்கு மூட்டம் ரொம்ப ஏறி வந்திருக்குல்ல?" என்றேன்.

சேவியர் தோட்டத்து பெக்டரியில் லொறி ஓட்டுகிறவர். லொறிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "மூட்டமா? வெயிலு மண்டையப் பொளக்குது புள்ள" என்றார்.

அவர் என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டியிருக்கிறார். கீழ்ப்பாதி எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் பெக்டரிக்குப் போகவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்து பெஞ்சில் கண்ணில் சொட்டு விட்டு, கருவிழி விரியும்வரை உட்கார வைத்தார்கள். சேவியர் என் கண்ணாடியைத் தன் சட்டைப் பையில் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு தரம் வரும் பெரிய டொக்டர், அன்றைக்கென்று இருந்தது என் நல்ல காலம். அவர் தமிழிலேயே சொன்னார்.

"கண்ணுக்குப் பின்னால ஒரு மெல்லிய திரை இருக்கு. விழித்திரை. பார்க்கிறதெல்லாம் அதுலதான் விழும். ஈரம் ஊறின சுவர்ல ஒட்டின கடதாசி உரிஞ்சு வருமே, அப்படி உங்களுக்கு உரிஞ்சு வருது. உடனே ஒப்பரேஷன் செய்யணும்."

"ஒட்டிருமா சார்?"

"உள்ளே ஒரு வாயுக் குமிழியை விடுவேன். அது மேலே எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்கும். நீங்க குப்புறப் படுத்திருந்தாத்தான் அது சரியான இடத்தை அழுத்தும். நான் செய்யிறது பாதி. மீதி நீங்க படுக்கிற படுக்கையில இருக்கு. வீடு எங்க?"

"எல்லவுக்கு மேல சார்."

"அப்ப வீட்டுக்கு அனுப்ப ஏலாது. உயரத்துக்குப் போனா அந்த வாயு விரியும். கண்ணுக்குள்ள அழுத்தம் கூடினா, இருக்கிற பார்வையும் போயிடும். இங்கேயே கிடங்க."

பிறந்ததிலிருந்து மலையில் கிடந்தவளை மலை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருந்தது ஒரே கண். அதுவும் போனால் கடை என்ன ஆகும், நான் என்ன ஆவேன் என்று யோசிக்கக்கூட விடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஒப்பரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணைச் சுற்றி மரக்க வைத்துவிட்டு, உள்ளே இருந்த பசை மாதிரியான நீரை எடுத்துவிட்டு வாயுவை விட்டார்கள். வலிக்கவில்லை. வலியெல்லாம் பிறகு கழுத்துக்குத்தான். குப்புறப் படுப்பது என்றால் தூங்கும்போது மட்டுமில்லை. ஒரு மணித்தியாலத்தில் பத்து நிமிடம்தான் விடுமுறை. சாப்பிடுவதும் கக்கூசுக்குப் போவதும்கூடத் தலையைக் கவிழ்த்துக்கொண்டுதான். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். கொஞ்சம் நிமிர்ந்தாலும் சிங்கள மிஸ்ஸி தூரத்திலிருந்தே, "அக்கா! தலை தூக்க வேணாம்!" என்று சத்தம் போடுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்த மூன்று சொல்தான் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாம் நாள் சேவியர் ஒரு பொதியோடு வந்தார். பழைய லொறி சீட்டின் ஸ்பொஞ்சை அறுத்து, நடுவில் முகம் போகிற அளவுக்கு ஓட்டை போட்டு, என் பழைய சீத்தைச் சேலையைச் சுற்றித் தைத்திருந்தார். மூக்கை அதற்குள் விட்டால் டீசல் வாசமும் தேத்தூள் வாசமும் சேர்ந்து வரும். ஆஸ்பத்திரித் தலகாணியில் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்த எனக்கு அது கிடைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

"தையல் கோணலா இருக்கும், பாக்காத" என்றார்.

"பாக்குற மாதிரியா இருக்கேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பக்கத்துக் கட்டிலும் சிரித்தது. அதுதான் ரிஸானா. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், வயது இருபத்தாறு. பிறவியிலேயே பார்வை இல்லை. பார்க்காத அந்தக் கண் ஒன்றில் புண் வந்து, மணிக்கு ஒரு தரம் மருந்து விட வேண்டுமென்று படுக்க வைத்திருந்தார்கள். "ஒரு நாளும் ஒரு வேலையும் செஞ்சதில்ல, அக்கா. நோக மட்டும் நல்லாத் தெரியுது அதுக்கு" என்று தன் கண்ணைத்தான் ஏசுவாள்.

என்னைக் கட்டிலில் போட்ட அன்றைக்கே அவளோடு ஒரு பேச்சு நடந்தது. மிஸ்ஸி என்னிடம் பெயர், விலாசம், தொழில் எல்லாம் கேட்டு எழுதினாள். நான் அந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்காமல் கடை, நோட்டீஸ், இணையத்தளம் என்று நீட்டி முழக்கினேன். மிஸ்ஸி போனதும் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அக்கா, இன்னொருக்காப் பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"சும்மா. கேட்ட குரல் மாதிரி இருந்துச்சு."

"கடைக்கு வந்திருப்பே."

"இல்ல. வந்ததில்ல" என்றாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் பேசவில்லை. கண் நோகிறது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கட்டை அவிழ்த்த கண்ணில் வாயுக் குமிழியின் கலங்கல் மட்டும் தெரிந்தது. மணி என்ன என்று போகிற வருகிற செருப்புச் சத்தத்தையெல்லாம் நிறுத்திக் கேட்டேன். போன் தலகாணிக்குக் கீழே இருந்தது, ஆனால் வழுக்கென்ற ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஸ்பொஞ்சுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். சத்தமில்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க போனைத் தாங்க" என்றாள் ரிஸானா. "அதுக்குள்ள ஒருத்தி படுத்துத் தூங்குறா. எழுப்பி விட்டாப் போதும்."

அவளைப் பார்க்க வரும் உம்மா பக்கத்தில் இருந்தால் உம்மாவைக் கேட்பாள், இல்லாவிட்டால் தானே தடவி எல்லாம் செய்துவிடுவாள். என் போனை வாங்கி எங்கேயோ தட்டினாள். போன் பேச ஆரம்பித்தது. விரலை எங்கே வைத்தாலும் அங்கே இருப்பதை வாசித்தது. ஒரு தரம் தொட்டால் சொல்லும். இரண்டு தரம் தட்டினால் திறக்கும். கேட்க லேசுதான். என் விரல் அவசரக்குடுக்கை. தட்டுகிற வேகத்தில் கமராவைத் திறந்து ஸ்பொஞ்சைப் பதினேழு போட்டோ எடுத்துவிட்டேன்.

"மெதுவா அக்கா! ரொட்டிக்கு மாவா பெசயிறீங்க?"

"நீ எப்புடி இவ்ளோ வேகமாக் கேக்குற? ஒம் போன் பேசுறது எனக்கு ஒரு எழவும் வெளங்கல."

"பழக்கம்தான். உங்களுக்கு ஆமை வேகத்துல வச்சிருக்கேன், பயப்படாதீங்க."

அடுத்த நாள் பகல் நான் தனியாகவே சேவியருடைய நம்பரைத் தேடி, இரண்டு தரம் தட்டி, அழைத்தேன்.

"யாரு போட்டுக் குடுத்தா?" என்றார்.

"யாருமில்ல. நானேதான்."

அந்தப் பக்கம் ரோட்டில் போகிற ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது. "என்ன, கேக்குதா?" என்றேன்.

"கேக்குது. லொறிய ஓரமா நிப்பாட்டிட்டேன்" என்றார். குரல் கரகரத்திருந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் என் முன்னால் அழுதது கிடையாது. அன்றைக்கும் அழவில்லை என்றுதான் இன்றுவரை சாதிக்கிறார்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. அன்றைக்குத்தான் ரிஸானா தன் விஷயத்தைச் சொன்னாள். பதுளையில் ஒரு பயிற்சி நிலையம், பெயர் வேண்டாம், டெலிபோன் ஒப்பரேட்டர் வேலைக்குப் பயிற்சி நடத்துகிறது. முடித்தவர்களைக் கந்தோர், ஆபீஸ் என்று கூப்பிட்டு எடுக்கிறார்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். போன வருடம் அவளால் போட முடியாமல் மச்சான்காரன் ஒருவன் நிரப்பிக் கொடுத்திருக்கிறான். அவன் போன் நம்பரில் ஒரு இலக்கத்தைப் பிழையாகப் போட்டுவிட்டான். நேர்முகத்துக்கு அழைத்த அழைப்பு யாரோ ஒருவருக்குப் போய்விட்டது.

"குரல் வேலை அக்கா. எனக்குன்னே செஞ்ச மாதிரி வேலை. வாப்பா இந்த வருஷமும் ஆகலன்னா கடையிலேயே இரு, துணி மடின்னு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமையோட முடியுதாம். இந்தத் தடவ யாரும் போட்டுத் தர வேணாம். நானே போடணும். ஆனா அவங்க இணையப் பக்கம் எங்கிட்டப் பேச மாட்டேங்குது. நீங்க இணையத்தளம் செய்யிற ஆள்தானே, கேட்டுப் பாருங்க, எம் போன்ல பிழையான்னு."

எனக்காகச் சத்தத்தைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"படம்" என்றது போன். "படம். கடைசி ஓகே மூன்று. படம். கடைசி கடைசி புதுசு. பெயரில்லாத பொத்தான். படம். கடைசி சிவப்பு இரண்டு."

அந்தப் பெயர்கள் வேறு யாருடையவையும் இல்லை. என்னுடையவை. அந்த நிலையத்தின் தலைவர் எழுத்தைச் சிவப்பாக்கு என்றார், பச்சையாக்கு என்றார், தன் போட்டோவைப் பெரிதாக்கு என்றார். ஒவ்வொரு தரமும் நான் எரிச்சலில் புதுப் படத்துக்குக் கடைசி, கடைசி ஓகே, கடைசி கடைசி புதுசு என்று பெயர் வைத்துச் சேமித்தேன். அந்தப் பக்கத்தை என்னைவிட அழகாகச் செய்ய ஊவா மாகாணத்திலேயே ஆள் கிடையாது என்று சேவியரிடம் பீற்றிக்கொண்டதும் நானேதான்.

"போதும், நிறுத்து" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிதில் கொம்பியூட்டரில் தமிழை அடித்தால், இன்னொரு கொம்பியூட்டரில் அது வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் பசாரில் இருந்த எல்லோரும் ஒரு தந்திரம் பழகினோம். தமிழ் எழுத்தை அழகாகப் போட்டு, அதையே ஒரு படமாக்கி ஒட்டிவிடுவது. படம் எங்கே போனாலும் உடையாது. கட்டம் வந்த காலம் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. நாங்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. படத்துக்குள் எழுத்து இருப்பது கண்ணுக்குத்தான் தெரியும். வாசித்துச் சொல்லும் போனுக்கு அது வெறும் படம், சேமித்த பெயரைத்தான் சொல்லும். கீழே "இதில் என்ன இருக்கிறது" என்று சொல்லால் எழுத ஒரு பெட்டி உண்டு. நான் ஒரு நாளும் அதை நிரப்பியதில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவேன்.

"என்னக்கா, எம் போன்ல பிழையா?"

"இல்ல. அது... செஞ்ச ஆளோட பிழை. எனக்குத் தெரிஞ்ச ஆளுதான். சரி பண்ணச் சொல்றேன்."

"அப்படியா? நல்ல ஆளா?"

"பரவாயில்ல."

"கோவக்காரரோ?"

"கொஞ்சம்" என்றேன். அவள் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு என்னால் பத்து நிமிடம்கூடக் கிடக்க முடியவில்லை. ஸ்பொஞ்சுக்குள்ளிருந்தே, "ரிஸானா, நான்தான் செஞ்சேன் அத" என்றேன்.

"ம்ம்" என்றாள். பிறகு, "சரி. இப்ப என்ன செய்யலாம்?" என்றாள். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை பகல் சேவியர் அரை நாள் லீவு போட்டு என் கடைக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தரமாக என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கட்டிலில் குப்புற, போன் ஸ்பொஞ்சின் ஓட்டைக்குக் கீழே. எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். கண்ணை மூடினாலும் எங்கே எது என்று தெரியும். ஆனால் லொறி ஓட்டுகிற மனிதருக்கு அதைச் சொல்லால் சொல்லிக் காட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

"எடது பக்கம் மூணாவது இருக்கும் பாருங்க, அத அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். எல்லாம் காணாமப் போச்சு. இதுக்கு ரிவர்ஸ் எங்க இருக்கு?"

"ஐயோ கடவுளே! தொடாதீங்க! கைய எடுங்க!"

வாட்டு முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸி, "அக்கா! தலை தூக்க வேணாம்!" என்றாள்.

சேவியருக்குத் தமிழில் டைப் அடிக்கத் தெரியாது. அதற்கு வழி சொன்னவள் ரிஸானாதான். நான் சொல்லச் சொல்ல அவள் தன் போனில் தமிழில் அடித்து அனுப்பினாள். சேவியர் அதைக் கடைக் கொம்பியூட்டரில் எடுத்து, வெட்டி, அந்தந்தப் பெட்டியில் ஒட்டினார். அதிலும் எங்களுக்குள் சண்டை வந்தது.

"மொதப் படம். 'நிலையத்தின் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்'னு போடு."

"அவர் எங்க இருந்தா எனக்கென்ன? கடைசித் திகதி என்னைக்குன்னு எந்தப் படத்துல இருக்கு? அதச் சொல்லுங்க மொதல்ல."

"அது அவர் படத்துக்குக் கீழ, சிவப்புல..."

"செவப்பும் வேணாம் அக்கா. திகதி."

எத்தனை வருடமாக நிறத்துக்காக வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். திகதி, தகுதி, என்ன கடதாசி வேண்டும், எந்தப் பெட்டியில் பெயர், எதில் நம்பர் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். பெயரில்லாத பொத்தானுக்கு "அனுப்பு" என்று பெயர் வைத்தோம். முடித்தபோது பிளேன்டீ வாளி வந்து போய்விட்டிருந்தது. சேவியர், "இதுக்கு ஹப்புத்தள வளைவுல ரெண்டு ட்ரிப் அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ரிஸானா சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பெயர், விலாசம், பிறந்த திகதி என்று போன் ஒவ்வொன்றாகக் கேட்டது, அவள் அடித்தாள். போன் நம்பரை மூன்று தரம் திரும்ப வாசிக்க வைத்துக் கேட்டாள். கடைசியில் அது, "அனுப்பு. பொத்தான்" என்றது.

"அக்கா, பேர் சொல்லுது" என்றாள்.

"தட்டு."

தட்டினாள். போன் ஒன்றுமே சொல்லவில்லை.

போனதா இல்லையா? பிறகுதான் நினைவு வந்தது. போய்ச் சேர்ந்தால் பச்சையில் ஒரு சரி அடையாளம் வரும். அதுவும் ஒரு படம். அதை மறந்தே போனேன். மிஸ்ஸியைக் கூப்பிட்டோம். அவள் குனிந்து பார்த்து, "பச்சை சரி இருக்கு நங்கி, தங்கச்சி. பெரிசு" என்றாள். ரிஸானா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் தலையைத் தூக்கிவிட்டேன். அன்றைக்கு மிஸ்ஸி சத்தம் போடவில்லை.

பன்னிரண்டாம் நாள் பெரிய டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒட்டியிருக்கு" என்றார். அதைவிட நல்ல தமிழை நான் கேட்டதில்லை. வாயுக் குமிழி சுருங்கி, தச்சருடைய மட்டப்பலகைக்குள் இருக்கும் குமிழி போல ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே உலகம் கலங்கலாகத் தெரிந்தது. மலை ஏற இன்னும் சில வாரம் ஆகும் என்பதால் பதுளையிலேயே நாத்தனார் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நான் முதலில் திரும்பிப் பார்த்தது பக்கத்துக் கட்டிலைத்தான். மஞ்சள் முக்காடு, ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு, நான் நினைத்ததைவிடச் சின்ன முகம்.

"ரிஸானா, ஒன்ன பாத்துட்டேன்" என்றேன்.

"எப்படி இருக்கேன்?"

"வாயாடி மாதிரித்தான்."

அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, போறீங்கதானே, ஒண்ணு சொல்லட்டா? போன வருஷம் உங்களுக்கு நான் போன் கோல் எடுத்தேன்."

"எனக்கா?"

"அந்தப் பக்கத்துல எம் போன் வாசிச்சது ஒரே ஒரு வரிதான். எல்லாத்துக்கும் கீழ உங்க கடைப் பேரும் நம்பரும். அத மட்டும் படமாப் போடாம எழுத்தா அடிச்சிருந்தீங்க. சரி, இவங்களக் கேப்பமேன்னு எடுத்தேன். எப்படி நிரப்புறதுன்னு கேட்டேன். நீங்க சொன்னீங்க, 'பெரிய எழுத்துலதானே போட்டிருக்கு, நல்லாப் பாருங்க'ன்னு. வச்சிட்டீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் கொடுமை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பேனோ.

"மொத நாளே குரல் தெரிஞ்சிருச்சா ஒனக்கு?"

"மிஸ்ஸிக்கிட்டப் பேசினப்பவே."

"அப்புறம் ஏன்டி சொல்லல? நல்லா நாலு வார்த்த கேட்டிருக்கலாமே!"

"கேக்கத்தான் இருந்தேன். ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருந்தேன். மூணாம் நாள் நீங்க அழுதீங்க. அப்ப எப்படிக் கேக்குறது?" என்றாள். "அதுக்குப் பொறகு வேலை வந்திருச்சு."

நான் அவள் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேனா என்றுகூட இப்போது நினைவில்லை. சேவியர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "வண்டி நிக்குது" என்று இரண்டு தரம் கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

ரிஸானாவுக்கு இடம் கிடைத்தது. பயிற்சியை முடித்து, இப்போது பண்டாரவளையில் ஒரு கந்தோரில் டெலிபோன் ஒப்பரேட்டர். பௌர்ணமிப் போயா நாளில் கடை பூட்டியிருக்கும். அன்றைக்கு அவள் பஸ் ஏறி வருவாள், இல்லாவிட்டால் நாங்கள் லொறியில் போவோம். ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, பேசுகிறதா என்று பார்ப்போம். பேசாவிட்டால் அதை நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவோம். முதலில் நான் காரமாக எழுதுவேன், அவள் அதை அழித்துவிட்டு மரியாதையாக மாற்றுவாள். பாதிப்பேர் பதில் போடுவதில்லை. போடுகிறவர்களில் சிலர், எப்படிச் சரி செய்வது என்று கடை தேடியே வந்திருக்கிறார்கள். பசாரில் மற்ற நோட்டீஸ் கடைகளுக்கும் படி ஏறிப் போய்ச் சொன்னேன். ஒருவர், "குருடங்க நோட்டீஸ் பாக்கவா போறாங்க?" என்றார். ரிஸானாவின் போனை அவர் கையில் கொடுத்து, அவர் செய்த பக்கத்தையே அவரைக் கேட்க வைத்தேன். இப்போது அவர் கடையிலும் படத்துக்குக் கீழே எழுத்து இருக்கிறது.

இதற்குக் கொம்பியூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் மரண அறிவித்தல் படமாகத்தான் போனுக்குப் போன் போகிறது. தன் சித்தப்பா செத்ததை அடக்கம் முடிந்த பிறகு தெரிந்துகொண்ட, பார்வை இல்லாத ஒரு ஆளை ரிஸானாவுக்குத் தெரியும். குடும்பக் குரூப்பில் அந்தப் படத்தைப் போடும்போது, யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று இரண்டு வரி கீழே அடித்துவிட்டால் போதும். சேவியரே இப்போது அடிக்கிறார், தமிழில், ஒற்றை விரலால்.

அந்தப் பச்சைச் சரி அடையாளத்தை முதல் வேலையாகச் சரிசெய்தேன். நான் செய்யும் எந்தப் பக்கத்திலும் கடைப் பெயரை இப்போது எல்லாம் முடிந்த பிறகுதான் போடுகிறேன். ரிஸானா முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, இனி உங்க பேரைப் போடலாம்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். சில பக்கங்களுக்கு அது வர மூன்று வாரம்கூட ஆகும். வாடிக்கையாளர் கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.

போன வாரம் கடை நிறையக் கூட்டம். பாடசாலைத் தவணை ஆரம்பம், எல்லோருக்கும் கொப்பி வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு கோல். ஒரு ஆணுடைய குரல், மடுல்சீமைப் பக்கம் என்றார். நான் செய்த கோயில் திருவிழா நோட்டீஸைப் போனில் யாரோ படமாக மட்டும் அனுப்பி, கடை நம்பரைச் சொன்னார்களாம்.

"அதுல என்னங்க போட்டிருக்கு?" என்றார்.

அவருக்குக் கண் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை. கையிலிருந்த கொப்பியை வைத்துவிட்டு, முன்னால் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்றேன், கேளுங்க" என்று முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.